கிளாடிஸ் பழக்கிய பூட்ஸ்

"என் பொண்ணு பேர் ஏன் இல்லை?"

கேட்டவள் கிளாடிஸ். பதில் சொல்ல வேண்டியவள் தமயந்தி. இடம், பொன்மலை ரயில்வே காலனி மைதானத்தின் இரும்பு கேட்.

கேட்டில் பசை காயாத தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பதினாலு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான கால்பந்துப் பயிற்சித் திட்டம். மூன்று வருடம், காலையும் மாலையும். நன்றாக ஆடினால் அங்கிருந்து நேரே மாவட்டம், மாநிலம். நூற்றி எழுபது பெண்கள் வந்து ஓடியிருந்தார்கள். தாளில் பதினெட்டுப் பெயர்கள்.

கிளாடிஸ் மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள்.

மகளுடையதைப் போலவே அனிட்டா என்று ஒரு பெயர் இருந்தது. இனிஷியல் வேறு.

தமயந்தி இருபத்தாறு வயசுப் பெண். மாநில அணிக்கு ஆடி, முட்டி போய், கோச் ஆனவள். தரையில் கிடந்த ஆரஞ்சுக் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன், மிஸ்."

கான்வென்ட்டில் படித்தவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் எவளானாலும் மிஸ்தான். பதினெட்டு வயசு சின்னவளாக இருந்தால் என்ன.

"அனிட்டாவோட அம்மாவா?"

"ஆமா."

"ஏழு தடவை அவகிட்ட பந்து வந்துச்சு. ஏழு தடவையும் அவ உங்களைப் பார்த்தா."

"பெத்தவளைப் பார்க்காம பக்கத்து வீட்டுக்காரியையா பார்ப்பா?"

"கோலைப் பார்க்கலாம்."

கிளாடிஸுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"நான் கோட்டைத் தாண்டி உள்ள வந்தேனா? வெளியதானே நின்னேன்?"

"குரல் உள்ள வந்துச்சு."

"ரெண்டு வார்த்தை சொன்னது ஒரு குத்தமா?"

"இடது கால்ல அடின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அனிட்டாவுக்கு வலது கால்."

கிளாடிஸ் மகள் பக்கம் திரும்பினாள்.

சற்றுத் தள்ளி, அனிட்டா மண்ணில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பதிமூணு வயசு, ஒல்லிக் கால். ஒரு சாக்ஸை உருவினாள். அதற்கடியில் இன்னொரு சாக்ஸ்.

"ஏண்டி, இது திருச்சியா ஊட்டியா? ஜூன் மாசத்துல ரெண்டு சாக்ஸ்!"

"சும்மாம்மா."

"சும்மாவாம். எல்லாம் டிவியைப் பார்த்து வர்ற ஸ்டைல்."

தமயந்தி இப்போதுதான் நிமிர்ந்தாள். சாக்ஸைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள். கிளாடிஸின் காலைப் பார்த்தாள்.

"இன்னும் நாலு இடம் இருக்கு," என்றாள். "சனிக்கிழமை காலையில மறுபடி பார்ப்போம். அவளை அனுப்புங்க."

"அனுப்பறதா? நானே கூட்டிட்டு வர்றேன்."

"வாங்க. ஆனா சுவருக்கு அந்தப் பக்கம் உக்காருங்க."

"எந்தச் சுவர்?"

தமயந்தி கையைக் காட்டினாள். மைதானத்தின் கிழக்குச் சுவர். ஆள் உயரத்துக்கு மேலே இன்னும் ஒரு முழம்.

"மத்த அம்மாங்க?"

"உள்ள."

"எனக்கு மட்டும்?"

"உங்களுக்கு மட்டும்."

காலனியில் வேறு யார் இப்படிச் சொல்லியிருந்தாலும் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். கிளாடிஸ் பல்லைக் கடித்தாள். நாலு இடம்.

"சரி."

"பூட்ஸை இங்கயே வெச்சுட்டுப் போங்க. சனிக்கிழமை வரைக்கும்."

"அது எதுக்கு?"

தமயந்தி அடுத்த கூம்பை எடுத்தாள்.

*

பூட்ஸுக்கு ஒரு கதை உண்டு.

வாங்கும்போது கடைக்காரர் ஐந்தாம் நம்பர் என்றார். கிளாடிஸ் ஆறாம் நம்பர் கேட்டாள். வளர்கிற பொண்ணு, அடுத்த வருஷமும் ஆகவேண்டாமா? யூனிஃபார்ம் முதல் ரெயின்கோட் வரைக்கும் அந்த வீட்டில் எல்லாமே அடுத்த வருஷத்துக்கு வாங்கியவைதான்.

ஆறாம் நம்பர் கிளாடிஸின் நம்பர். அது தற்செயல்.

புது பூட்ஸ் கடிக்கும். கடித்தால் பொண்ணு ஓடமாட்டாள். அதனால் தானே போட்டுப் பழக்கிவிடுவது என்று முடிவுசெய்தாள். கணவன் ராயப்பன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபிறகு, அனிட்டா பள்ளிக்கூடம் போனபிறகு, பதினோரு மணி.

முதல் நாள் ஹாலிலிருந்து சமையலறை வரை நடந்தாள். மொசைக் தரையில் டக் டக் என்றது. ரசம் தாளித்தாள், பூட்ஸோடு.

மூன்றாம் நாள் கொல்லைக்குப் போனாள்.

ஐந்தாம் நாள் பந்தை எடுத்துக்கொண்டு போனாள். பந்து இல்லாமல் பூட்ஸ் எப்படிப் பழகும்?

கொல்லைச் சுவர் பந்தைத் திருப்பித் தந்தது. அவள் மறுபடி உதைத்தாள். இடது காலால். அது தானாக வந்தது.

பக்கத்து வீட்டு மும்தாஜ் ஒருநாள் குரல் கொடுத்தாள். "என்ன கிளாடிஸ், சுவத்துல ஆணி அடிக்கிறியா?"

"ஆமா. படம் மாட்டறேன்."

"பத்து நாளாவா?"

"பெரிய படம்."

மூன்று வாரம் பழக்கினாள். கடைசி வாரத்தில் பூட்ஸ் கையுறை மாதிரி ஆகிவிட்டது. சொல்லப்போனால் அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

*

இப்போது பூட்ஸ் கோச்சிடம்.

புதன்கிழமை பதினோரு மணி வந்தது. கிளாடிஸ் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள். ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணி வந்தது. கொல்லைக் கதவைத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவர் முழுக்க வட்டம் வட்டமாகச் செம்மண் கறை. இத்தனையா?

"இன்னிக்கு சத்தமே காணோம்," என்றாள் மும்தாஜ். "படம் மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு."

சொல்லும்போதே கிளாடிஸின் இடது கால் இல்லாத பந்தை உதைத்தது. என்ன கண்றாவி இது என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

*

சனிக்கிழமை.

கிழக்குச் சுவருக்குப் பின்னால் ஒரு தெருக்குழாய். அதன் பக்கத்தில் துணி துவைக்கிற கல். கிளாடிஸ் குடையை மடித்து, கல்லில் உட்கார்ந்தாள்.

உள்ளே விசில் சத்தம் கேட்டது.

ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும். ஓடுகிற கால்கள். யாரோ "எனக்கு, எனக்கு!" என்றார்கள். பந்து அடிபடுகிற தம் என்ற ஒலி. பிறகு ஒரு சின்ன அமைதி. அந்த அமைதியில்தான் பந்து காற்றில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்?

அவளுக்கு இந்தச் சத்தம் புதுசில்லை.

கான்வென்ட்டில் இருந்தபோதும் ஒரு சுவர் இருந்தது. அந்தப் பக்கம் பையன்கள் பள்ளிக்கூடம். அவர்கள் கால்பந்து ஆடுவார்கள். இந்தப் பக்கம் பெண்கள் கைக்குட்டையில் பூவேலை செய்வார்கள். நாலு வருஷம் அவள் அந்த விளையாட்டைக் காதால் மட்டும் பார்த்தாள்.

எப்போதாவது பந்து சுவரைத் தாண்டி விழும். கையால் எடுத்து, சிஸ்டரிடம் கொடுக்கவேண்டும். சிஸ்டர் வாட்ச்மேனிடம் கொடுப்பார். வாட்ச்மேன் சுற்றிக்கொண்டுபோய்க் கொடுப்பார். அதற்குள் அங்கே ஆட்டமே முடிந்திருக்கும்.

ஒரே ஒருநாள், பதிமூணு வயசில், கிளாடிஸ் உதைத்தாள்.

பந்து சுவருக்கு மேலே போனது. அந்தப் பக்கம் கைதட்டினார்கள். யார் அடித்தது என்று ஒரு பையன் கத்திக் கேட்டான்.

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குள் முட்டி போடவைத்துவிட்டார்கள்.

தம்.

சின்ன அமைதி.

பந்து சுவரைத் தாண்டி வந்து, குழாயடிச் சேற்றில் ஒருமுறை எகிறி, அவள் காலடியில் நின்றது.

கிளாடிஸ் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு காய்கறி வண்டி. ஒரு நாய்.

"யாராவது பந்தைப் போடுங்களேன்!" உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்.

குனிந்து கையில் எடுத்தாள். ஈரமாக, கனமாக இருந்தது. எறிய வேண்டியதுதான். கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

பந்தைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். புடவையை இடுப்பில் செருகினாள். நாலு அடி பின்னால் போனாள்.

காய்கறிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார்.

பந்து மேலே போனது. சுவருக்கு மேலே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு காணவில்லை.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பிறகு விசில். பிறகு மறுபடி ஓடுகிற கால்கள்.

கிளாடிஸ் கல்லில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. வெறும் கால் எரிந்தது. கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

ஒரு மணிநேரத்தில் ஒரு தடவைகூட உள்ளேயிருந்து யாரும் அம்மா என்று கூப்பிடவில்லை.

*

தமயந்தி சுற்றிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தாள். கையில் பூட்ஸ்.

கிளாடிஸ் எழுந்தாள். "என்ன ஆச்சு?"

"எடுத்தாச்சு. நாலுல முதல் பேரு."

கிளாடிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். சந்தோஷம்தான். அப்போதுதான் பூட்ஸைப் பார்த்தாள்.

"இது இங்க இருக்கு. அவ எதைப் போட்டு ஆடினா?"

"ஸ்டோர்ல ஒரு பழைய ஜோடி கிடந்துச்சு. அஞ்சாம் நம்பர்."

"கடிச்சிருக்குமே!"

"கடிச்சுது. ரெண்டு குதிகால்லயும் ரத்தம்."

"ஐயோ."

"எல்லாருக்கும் காட்டிக் காட்டிச் சிரிக்கிறா."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் எது தன் மகளுடையது என்று கிளாடிஸுக்குத் தெரிந்தது. வீட்டில் கேட்டு நாளான சிரிப்பு.

"மூணு வாரம் பழக்கினேனே இதை. இதுல என்ன குறை?"

தமயந்தி இடது கால் பூட்ஸை நீட்டினாள்.

"கையை உள்ள விடுங்க."

கிளாடிஸ் விட்டாள்.

உள்ளே ஐந்து குழிகள் இருந்தன. ஐந்து விரலுக்கு ஐந்து. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தோல் வெளிப்பக்கமாகத் தள்ளிப் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பு அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷமாக ஒவ்வொரு செருப்புக் கடையிலும் அவள் திட்டிக்கொண்டிருப்பது தன் காலின் அந்த எலும்பைத்தான்.

அதற்குத்தான் இரண்டு சாக்ஸ்.

அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

அப்படியே கேட்டாள். "இன்னிக்கு எத்தனை தடவை என்னைத் தேடினா?"

"தேடல."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவை இந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தா. பந்து திரும்பி வந்தப்போ." தமயந்தி சுவரைப் பார்த்தாள். "யார் அடிச்சதுன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னேன். எனக்குப் பேர் தெரியாதே."

கிளாடிஸ் பூட்ஸிலிருந்து கையை உருவினாள்.

"உங்க பேர் என்ன?"

அதை அவளிடம் யாரும் கேட்டுப் பல வருஷம் இருக்கும்.

"கிளாடிஸ்."

தமயந்தி தலையை ஆட்டினாள். மைதானத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"மிஸ், இந்த பூட்ஸை நான் என்ன பண்ணட்டும்?"

தமயந்தி திரும்பவில்லை.

"லேஸை இழுத்துக் கட்டுங்க, கிளாடிஸ் அக்கா. அடுத்த பந்து வரும்."