ராஜாவைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கோடு

முன்னொரு காலத்தில் காஞ்சிரத்தூர்ச் சீமையைச் செண்டலங்காரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், தூங்கும்போது. விழித்துக்கொண்டால் ஏதாவது கிறுக்குப் பிடிக்கும். விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா, "ஊரெல்லாம் ஒரே ஓலைக் குடிசையா இருக்கே!" என்று சிரித்துவிட்டார். போச்சு! மறுநாளே தண்டோரா: எல்லாரும் உடனே ஓட்டு வீடு கட்ட வேண்டும், காசில்லாதவர்களுக்குப் பொக்கிஷம் கடன் கொடுக்கும்.

இது பொக்கிஷதாரர் குழைக்காதர் சொல்லிக்கொடுத்த யோசனை. மந்திரி பதவிமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். தவணை தவறினால் அவருடைய ஆட்கள் வந்து, "ராஜா ஆணை!" என்று வீட்டைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். பணம் கட்டும்வரை கடன் வாங்கியவன் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தலை போகும்.

ஒருநாள் அரண்மனைக்குப் போய்க்கொண்டிருந்த மந்திரி சீனியப்பரை, கொத்தனார் சடையனின் பெண்டாட்டி சிலம்பாயி கோட்டுக்குள் நின்றபடி கூப்பிட்டாள்.

"சாமி, பாதிப் பணம் சேத்து வச்சிருந்தோம். ரெண்டு வருஷம் பொறுத்தா ரொக்கமாவே வீடு கட்டிருவோம்னு கெஞ்சினோம். கேக்கலையே! அந்தப் பாதியையும் முன்பணம்னு வாங்கிட்டாங்க. இப்போ இவரு வெளிய போய்க் கரண்டி பிடிச்சாத்தானே கூலி? உள்ள அடைச்சு வச்சுட்டுக் காசு குடுங்கறாங்க. புள்ளைங்க பட்டினி கிடக்குது. இது என்ன நியாயம்?"

மந்திரி நேராகச் சபைக்குப் போனார்.

அன்றைக்கென்று பார்த்து ராஜா சபையில் கேட்டார்: "மந்திரி, ரொக்கம் சேர்த்து வீடு கட்டுவது மேலா, கடன் வாங்கிக் கட்டுவது மேலா?"

குழைக்காதர் முந்திக்கொண்டார். "ரொக்கம் சேர்ப்பவன் கிழவனான பிறகுதான் குடிபோவான் மகாராஜா. கடன் வாங்கியவன் இன்றைக்கே குடிபோகலாம்!"

"போகலாம் மகாராஜா, வெளியேதான் வர முடியாது" என்றார் மந்திரி.

"அப்படியா? நாளைக்குள் நிரூபியும். இல்லையென்றால் உம் பதவி குழைக்காதருக்கு!"

மறுநாள் சபை கூடியதும் மந்திரி சுண்ணாம்புக் கலயத்தோடு வந்து, சிம்மாசனத்தைச் சுற்றி மளமளவென்று கோடு போட்டுவிட்டார்.

"என்ன ஐயா, பைத்தியமா?"

"ஏரி நடுவே மண்டபம் கட்ட என்னிடம் கடன் வாங்கினீர்களே மகாராஜா, தவணை தாண்டிவிட்டது. ராஜா ஆணை!"

ராஜா முதலில் சிரித்தார். மத்தியானமானது. மடைப்பள்ளியிலிருந்து நெய் வாசனை வந்தது. தாண்டினால் அவர் ஆணையை அவரே மீறியதாகிவிடும்.

"குழைக்காதரே, பணத்தை எடுத்து இவர் மூஞ்சியில் எறியும்!"

"பொக்கிஷம் காலி மகாராஜா. எல்லாம் வீட்டுக் கடனாகப் போயிருக்கிறது."

"வசூல் பண்ணும்!"

"அவர்களெல்லாம் கோட்டுக்குள் இருக்கிறார்களே..."

"வெளியே விட்டுச் சம்பாதிக்கச் சொல்லுமேன்!"

"பணம் கட்டாமல் எப்படி மகாராஜா விடுவது?"

சபை குபீரென்று சிரித்தது. ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மடையா! சாவியை இங்கே வை. ஊரிலிருக்கும் கோடுகளையெல்லாம் உன் கையாலேயே அழித்துவிட்டு வா!"

மந்திரி ராஜாவின் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு, சிம்மாசனத்துக் கோட்டை அழித்தார். ராஜா மகிழ்ந்துபோய்ச் சால்வை போர்த்தினார். "இன்னும் என்ன வேண்டும், கேளும்!"

"நான் விட்டதுபோல் ஜனங்களின் கடனையும் விட்டுவிடுங்கள்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. "விளையாடுகிறீரா? என் மண்டபத்துக்கு இன்னும் கூரையே போடவில்லை. தவணை வராமல் எதைக் கொண்டு போடுவேன்?" கொஞ்சம் யோசித்தார். "சரி, உமக்காக. ஓடுகளைப் பிரித்துத் திருப்பிக் கொடுப்பவனுக்குக் கடன் இல்லை!"

"ஆகா, ஆகா!" என்றது சபை. சால்வையைப் போர்த்திக்கொண்டு மந்திரி என்னத்தைப் பேசுவார்?

சடையன் தான் வேய்ந்த ஓடுகளைத் தானே ஏறிப் பிரித்தான். சிலம்பாயி கீழே நின்று வாங்கி வண்டியில் அடுக்கினாள். "நாங்க சேத்து வச்ச பணம்?" என்று வண்டிக்காரனைக் கேட்டாள். அவனுக்கு என்ன தெரியும், பாவம்! மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சுவர்மேல் பழையபடி ஓலை ஏறியது.

அடுத்த வாரம் அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. அந்த ஓடுகளை ஏரி மண்டபத்தில் வேய நல்ல கொத்தனார் வேண்டுமாம். சடையன் போனான். போகாமல்? பிள்ளைகள் சாப்பிட வேண்டாமா? ராஜா பக்கத்திலேயே நின்று பார்த்து, வேலையை ரொம்ப மெச்சி, கூலியை ரொக்கமாகவே கொடுத்தார்.