பண்டிதர் கரையேறிய கணக்கு

காளிங்கபுரத்து ராஜா கட்டியதேவருக்கு நீளமான எண் என்றால் உயிர். மைத்துனர் ஊரில் தென்னை மரக் கணக்கை ஒரு வரி நீளத்துக்குக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. தான் வெட்டிய புதுக்குளத்தின் கரையிலும் ஒரு கல் நட வேண்டும். குளம் எத்தனை குடம் கொள்ளும் என்று அதில் எழுத வேண்டும். எண் மட்டும் மைத்துனருடையதைவிட நீளமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் ஆசை.

அளவுகாரன் சேந்தனைக் கூப்பிட்டார். பத்து நாள் வெயிலில் கயிறு பிடித்து, தண்ணீருக்குள் முங்கி ஆழம் பார்த்தவன் அவன்.

“மூன்று லட்சம் குடம் இருக்கும், மகாராஜா. அந்த மூன்றுக்கு நான் பொறுப்பு. அதற்கு மேல் கேட்டால் எனக்குத் தெரியாது” என்றான்.

ராஜாவின் முகம் தொங்கிப்போயிற்று. அப்போதுதான் ஆஸ்தானக் கணித வித்வான் விடங்கப் பண்டிதர் கனைத்துக்கொண்டு எழுந்தார். சேந்தனுடைய அளவு ஓலையை வாங்கிக்கொண்டு போய், நிழலில் உட்கார்ந்து மூன்று நாள் பெருக்கினார். திரும்பி வந்து ஒரே மூச்சில் சொன்னார்: மூன்று லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்று இருபத்தெட்டு குடம், ஓர் உழக்கு.

அந்த உழக்கில் ராஜா சொக்கிப்போனார். சொக்கியதோடு விட்டாரா? அளக்கத் தெரியாத சேந்தன், கல் நடுகிற அன்று பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவும் போட்டார். சேந்தன் பெண்டாட்டிக்கு அது நிறைமாதம். காலியாகும் வேலை பண்டிதரின் மருமகனுக்கு என்று ஊரே பேசிக்கொண்டது.

மந்திரி மருதங்கூத்தனுக்கு இது அநியாயமாகப் பட்டது. ஆனால் ராஜா சந்தோஷமாக இருக்கும்போது எதிர்த்துப் பேசினால் காரியம் கெட்டுப்போகும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் பண்டிதரை வாயாரப் புகழ்ந்தான். இவ்வளவு துல்லியமான எண்ணுக்கு ஒரு காவல் வேண்டாமா என்று கேட்டான். எல்லாக் கல்வெட்டிலும் போடுகிற சாபத்தை இதிலும் போட்டுவிடலாம் என்றான். பண்டிதர் மீசையைத் தடவிக்கொண்டே பேஷாகப் போடலாம் என்றார்.

கல் நடுகிற நாள் வந்தது. கல்தச்சர் எழுத்தையெல்லாம் காவியால் எழுதி, உளியோடு தயாராக நின்றார். மங்கல முழுக்குப் போட பண்டிதர் குளத்தில் இறங்கினார். அவர் கழுத்தளவுக்குப் போகும்வரை காத்திருந்து, மருதங்கூத்தன் முரசு அறையச் சொல்லிச் சாபத்தைப் படித்தான்.

“இந்தக் கல்லில் உள்ள கடைசி எண் மாறும்படி குளத்து நீரைக் கூட்டினவரும் குறைத்தவரும் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார்கள். இந்த நொடி முதல்.”

பண்டிதர் முழுகிவிட்டுப் படியில் கால் வைத்தார்.

“அங்கேயே நில்லுங்கள் சுவாமி” என்றான் மருதங்கூத்தன். “உங்கள் குடுமியிலும் வேட்டியிலும் எத்தனை உழக்கு இருக்கும்?”

பண்டிதர் வேட்டியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி கழுத்தளவுக்குப் போனார். வேட்டியை உள்ளேயே பிழிந்து பார்த்தார். தண்ணீருக்குள் பிழிந்து என்ன ஆகும்? கடைசியில், அந்த உழக்கை எடுத்துவிடலாம், பாதகமில்லை என்றார். கல்தச்சர் ஈரத்துணியால் உழக்கைத் துடைத்தார்.

பண்டிதர் மறுபடி படியேறும்போது எதிர்ப்படியில் ஐந்தாறு பெண்கள் நிறைகுடத்தோடு அசையாமல் நின்றார்கள். எங்களுக்குப் பசு பாவம் வேண்டாம், ஆனால் வீட்டில் உலை வைக்க வேண்டும், இந்தக் கணக்கைப் போட்ட மகராசன் யார் என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். எட்டு போயிற்று. அந்த நேரம் பார்த்து ஊர் எருமையெல்லாம் தண்ணீர் குடிக்க வந்தது. இருபதும் போயிற்று.

ராஜா பதறிப்போய், நானூறு மட்டுமாவது நிற்குமா என்று கேட்டார். மருதங்கூத்தன் சேந்தனைப் பார்த்தான். இந்த வெயிலுக்கு நாளொன்றுக்கு ஐந்நூறு குடமாவது ஆவியாகப் போகும் என்றான் சேந்தன். அப்படியானால் பசு பாவம் சூரியபகவானுக்கா என்று மருதங்கூத்தன் கேட்க, நானூறையும் துடைக்கச் சொல்லிப் பண்டிதரே கை காட்டினார். தண்ணீர்க் குளிரில் அவருக்குப் பல் கிட்ட ஆரம்பித்திருந்தது.

“பதினேழாயிரம் மிச்சம் இருக்கிறது” என்றான் மருதங்கூத்தன். “குளம் எவ்வளவு ஆழம் என்று வைத்துப் பெருக்கினீர்கள்?”

“ஓலையில் இருந்தபடி. இரண்டரை ஆள் ஆழம்.”

“எந்த ஆள்?”

மருதங்கூத்தன் குட்டையான சேந்தனையும் அரண்மனை வாயில்காப்போனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினான். சேந்தனின் தலை அந்த ஆளின் தோள்வரைதான் வந்தது. அந்த ஒரு தலை உயரத்தில் மட்டும் ஐம்பதாயிரம் குடம் கூடும் குறையும் என்றான் சேந்தன். அதனால்தான் தன்னால் மூன்றுக்கு மேல் பொறுப்பேற்க முடியவில்லை என்றும் சொன்னான்.

பதினேழாயிரமும் போயிற்று. கல்லில் மூன்று லட்சத்துக்கு உரிய மூன்று, நூறு, ஆயிரம் என்று மூன்றே மூன்று குறி நின்றது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ராஜா அந்தக் கல்லை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. சேந்தனிடம் போய், என்னை மன்னித்துவிடு, வேலையும் வீடும் என்றைக்கும் உன்னுடையதுதான் என்றார். தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து மருதங்கூத்தனுக்குப் போர்த்தினார். அதன்பிறகுதான் அவருக்குப் பண்டிதர் ஞாபகமே வந்தது.

“பாவம், எவ்வளவு நேரமாக நிற்கிறார்?”

“ஒரு நாழிகை இருக்கும், மகாராஜா” என்றான் சேந்தன்.

பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. நடுங்கிக்கொண்டே, “ஒரு நாழிகை, பதினேழு விநாழிகை...” என்று ஆரம்பித்தார்.

கல்தச்சர் ஈரத்துணியைக் கையில் எடுத்தார்.

“...சொச்சம்” என்றார் பண்டிதர்.

ராஜா சிரித்த சிரிப்பில் எருமைகள் மிரண்டு கரையேறின; அவற்றின் பின்னால் பண்டிதரும் ஏறினார்.