கீரி சொல்லாமல் விட்ட சொல்

புன்னைக் காட்டில் ஒரு கீரியும் ஒரு கரடியும் இருந்தன. இரண்டும் இணைபிரியாத ஆட்டக் கூட்டாளிகள்.

வெயில் காலம் வந்தால் அந்தக் காட்டு விலங்குகளுக்கெல்லாம் ஒரே பைத்தியம். உருண்டையான புன்னங்காய் ஒன்றைக் கோலால் தட்டித் தட்டி, புல்வெளிக்கு அப்பால் இருக்கும் குழியில் போட வேண்டும். குறைந்த அடியில் போட்டவருக்கு அந்தக் குழி. ஒன்று முடிந்தால் அடுத்த குழி. அதிகக் குழிகளைப் பிடித்தவருக்கு வெற்றி. இவ்வளவுதான் ஆட்டம். இதை வைத்து யாரும் வயிறு வளர்க்கவில்லை. ஆனால் எந்த அடி ஏன் தப்பியது என்று பேச ஆரம்பித்தால், பாதிப் பேருக்கு இரை தேடப் போவதே மறந்துவிடும்.

மழை தொடங்கினால் குழிகளில் தண்ணீர் நின்றுவிடும். ஆகவே அதற்கு முன்பே கடைசிப் போட்டியை நடத்தி முடிப்பார்கள். வென்றவருக்கு ஒரு மயில் இறகு. அடுத்த வருடப் போட்டி வரை அதைக் காதில் செருகிக்கொண்டு திரியலாம். திரிவதைத் தவிர அந்த இறகால் வேறு உபயோகம் கிடையாது. அதற்குத்தான் அத்தனை அடிபிடி.

ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காய் குழியின் வாயருகே வந்து நின்றுவிட்டால், எதிராளி "எடுத்துக்கோ" என்று சொல்லலாம். சொல்லிவிட்டால், அடுத்த அடியில் காய் குழிக்குள் விழுந்ததாகவே கணக்கு. சொல்லியே ஆக வேண்டும் என்று விதி இல்லை. மனம் இருந்தால் சொல்லலாம்.

கரடி ஓங்கி அடித்தால் காய் பறவை மாதிரி பறக்கும். தூரத்து அடியில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அதை ஒருநாள் கீரியிடம் மட்டும் சொன்னது.

"தம்பி, உன்கிட்டதான் சொல்றேன். குழிக்குப் பக்கத்துல வந்துட்டா கை நடுங்குது. தூரத்துல தவறினா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. கிட்ட இருந்து தவறினா சிரிப்பாங்களேன்னு நினைச்சாலே உதறுது."

"இதெல்லாம் ஒரு விஷயமாண்ணே? நான் இருக்கேன்ல" என்றது கீரி.

அன்று முதல் கரடியின் காய் குழியருகே வந்து நின்றால் போதும், "எடுத்துக்கோண்ணே" என்று கீரி முந்திக்கொண்டு சொல்லிவிடும். மற்ற விலங்குகளும் சொல்லிவிடும். அவை மனம் இருந்து சொல்லவில்லை, கரடியின் உருவத்தைப் பார்த்துப் பயந்து சொல்லின. ஆக, கரடியின் நடுக்கம் காட்டில் யாருக்கும் தெரியாது.

கரடியும் சும்மா இல்லை. கீரி அடிக்கும் காய் அடிக்கடி முட்புதருக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். அடர்ந்த ரோமம் உள்ள கரடிதான் புதருக்குள் புகுந்து தேடிக் கொடுக்கும்.

அந்த வருடக் கடைசிப் போட்டியில் இந்த இரண்டுமே எதிரெதிரே நின்றன. காடே திரண்டு வந்தது. நாரைதான் நடுவர். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒற்றைக் காலில் நிற்கும் என்பதைத் தவிர அந்த வேலைக்கு அதனிடம் வேறு தகுதி இல்லை.

ஆட்டத்தின் நடுவே கீரியின் காய் வழக்கம்போல் புதருக்குள் போய்விட்டது.

"காய் கிடைக்கலேன்னா இந்தக் குழி கரடிக்கு" என்றது நாரை.

கரடி பேசாமல் நின்றிருந்தாலே முன்னால் போயிருக்கும். அது வேறு எதையும் யோசிக்கவில்லை. புதருக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் மூக்கில் ஒரு முள்ளோடு தலையை நீட்டியது.

"இங்க கிடக்கு தம்பி. முள்ளு இருக்கு, பார்த்து வா."

அப்படித்தான் இரண்டும் கடைசிக் குழிக்குச் சமமாக வந்து சேர்ந்தன. அங்கே கீரி முதலில் போட்டு முடித்தது. கரடியின் காய் குழியின் விளிம்பருகே நின்றது. ஓர் எறும்பு தள்ளினாலும் விழுந்துவிடும் போலிருந்தது. அந்த ஓர் அடியில் விழுந்தால் இருவருக்கும் அடிக் கணக்கு ஒன்றுதான், ஆட்டம் சமம். சமமானால், ஆளுக்குப் பாதிக் காலம் இறகை வைத்துக்கொள்ள வேண்டும்.

கரடி சிரித்துக்கொண்டே கீரியைப் பார்த்தது. காயை எடுக்கக் குனிந்தும்விட்டது.

கீரி இறகைப் பார்த்தது. குழிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு புற்றின் மேல் செருகியிருந்த இறகு காற்றில் ஆடியது. பிறந்ததிலிருந்து எல்லோரும் கீரியைப் பொடியன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு முழு வருடம், காதில் முழு இறகு! கீரி வாலைச் சொறிந்தது. வாயைத் திறக்கவில்லை.

நாரை காலை மாற்றி நின்றது. "கீரி ஒன்னும் சொல்லலையே?"

"சொல்லியே ஆகணும்னு விதி இருக்கா?" என்று புல்லைப் பார்த்தபடி கேட்டது கீரி.

"இல்லை."

கரடி கையை இழுத்துக்கொண்டது. கோலை எடுத்தது. கை நடுங்கியது. காடே அதைப் பார்த்தது. அணில்கள் களுக்கென்று சிரித்தன. காய் குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்றது.

கரடி போய் இறகைப் பிடுங்கி வந்து, தன் கையாலேயே கீரியின் காதில் செருகியது.

"நல்லா ஆடினே தம்பி" என்றது. பிறகு மலையேறித் தன் குகைக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது.

மழையில் காதில் இருக்கும் இறகைப் பார்க்க யார் வெளியே வருவார்கள்? எல்லோரும் வளைக்குள் முடங்கிவிட்டார்கள். கீரியும் முடங்கியது. வளையின் வாசல் குறுகல். போகும்போதும் வரும்போதும் இறகு இடித்து மடங்கியது.

'விதிப்படிதானே ஆடினேன்' என்று கீரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அது உண்மைதான். ஆனாலும் இரை இறங்கவில்லை. 'கரடிக்கு ஒழுங்கா ஆடத் தெரிஞ்சிருந்தா போட்டிருக்கும்ல?' என்று சொல்லிப் பார்த்தது. உடனே மூக்கில் முள்ளோடு எட்டிப் பார்த்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. கரடி கோபித்துக்கொண்டு ஓர் அறை விட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். நம்பிச் சொன்ன ரகசியத்தைக் காடறியச் செய்துவிட்டோமே என்று கீரி வெட்கப்பட்டது. ஒரு சொல்தானே, சொல்லியிருக்கலாமே என்று மழை முழுவதும் வருந்தியது.

மழை விட்டது. வெயில் வந்தது. கரடி மலையிலிருந்து இறங்கி வந்தது.

"சுகமா தம்பி?" என்று கேட்டது. பழையபடியே ஆட வந்தது. கீரியின் காய் புதருக்குள் போனதும், பழையபடியே உள்ளே புகுந்து எடுத்தும் கொடுத்தது. கீரிக்கு உயிர் வந்தது.

கரடி தட்டிய காய் குழியருகே உருண்டு வந்தது. அது நிற்பதற்குள்ளேயே கீரி கத்தியது.

"எடுத்துக்கோண்ணே!"

"வேண்டாம் தம்பி, உருட்டியே போடுறேன். மழை பூரா குகைக்குள்ள இதைத்தான் பழகினேன்."

கரடியின் கை நடுங்கவில்லை. காய் குழிக்குள் விழுந்தது.

அடுத்த குழியிலும் கீரி சொன்னது. அதற்கடுத்த குழியிலும் சொன்னது. கரடி ஒவ்வொரு முறையும் மரியாதையாக "வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, மயிரிழைத் தூரத்தில் நின்ற காயைக்கூடக் கோலால் தட்டியே போட்டது.

கீரிக்குத் தாங்கவில்லை. மடங்கிப்போன இறகைக் காதிலிருந்து எடுத்து நீட்டியது. "இதுல பாதி உன்னோடதுதாண்ணே. நீயே வச்சுக்கோ."

"அது நீ ஜெயிச்சது தம்பி" என்றது கரடி. கீரியின் தோளைத் தட்டிவிட்டு அடுத்த குழியை நோக்கி நடந்தது.

விதி கேட்காவிட்டாலும் நட்பு கேட்கும் ஒரு சொல்லை உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டுவிட்டால், பிறகு எத்தனை முறை சொன்னாலும் அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.