நான்காவது சட்டி

வெள்ளச்சி அம்மைக்கு முப்பது வயது. அவளுடைய சீடர் சாத்தப்பனுக்கு ஐம்பத்திரண்டு. கொல்லிமலையில் அவளிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் நேரே சாத்தப்பனின் நரைத்த தாடியைத்தான் கும்பிடுவார்கள். குரு பக்கத்தில் குடத்தோடு நின்றுகொண்டிருப்பாள். இது என்ன நியாயம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

சாத்தப்பன் மடத்தில் தர்க்கம் கற்பித்தவர். அவர் மகளுக்கு ஓயாமல் வந்த வலிப்பு வெள்ளச்சியின் மருந்தில் நின்றது. நன்றி சொல்ல மலையேறியவர் திரும்பிப் போகவில்லை.

"ஏதாவது வேலை கொடுங்க அம்மை. சும்மா இருக்க என்னால முடியாது."

அவள் நான்கு மண்சட்டிகளைக் காட்டினாள். நான்கிலும் கஞ்சாச் செடிகள். மருந்துக்கென்று அரண்மனை அனுமதித்தது நான்குதான்.

"கீழூர்க் குயவர் வீட்டுப் பொம்மிக்கு வயித்துல கட்டி. வலியில அவ தூங்கியே மாசக்கணக்காச்சு. இது பூத்தாத்தான் அவளுக்கு மருந்து. பாத்துக்குங்க."

சாத்தப்பன் பார்த்துக்கொண்டார். காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர். இடையில் ஆட்டுப்புழுக்கை ஊறிய நீர், கடலைப் புண்ணாக்குக் கரைசல், ஒரு பிடி சாம்பல். சட்டியின் அடியில் நீர் ஒழுகுவதைக் கண்டு மனம் பொறுக்காமல், துளைகளைக் களிமண் வைத்து அடைத்தார்.

பத்தொன்பதாம் நாள் மூன்று செடிகள் அழுகிச் சாய்ந்துவிட்டன. நான்காவது, இலை நுனியெல்லாம் கருகித் தொங்கிக்கொண்டிருந்தது. சாத்தப்பன் குடத்தோடு ஓடிவந்தார்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள் வெள்ளச்சி.

"தண்ணி விடப் போறேன். செடி வாடியிருக்கு. புகை இருக்கிற இடத்துல நெருப்பு இருக்கிற மாதிரி, வாட்டம் இருக்கிற இடத்துல தாகம் இருக்கும். ஆகவே இதுக்குத் தாகம்."

"நல்லாச் சொன்னீங்க. சட்டியைத் தூக்குங்க."

தூக்கினார். ஒரு முழம்கூட எழும்பவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே வைத்தார்.

"தாகத்துல கிடக்கிற சட்டி இவ்வளவு கனக்குமா?"

வெள்ளச்சி சட்டியைச் சாய்த்து, அடைத்திருந்த களிமண்ணைக் குச்சியால் குத்தி எடுத்தாள். கறுப்பு நீர் நாற்றத்தோடு வழிந்தது.

"வீணாப் போகுதேன்னு அடைச்சேன்."

"வேர் மூச்சு விட வேண்டாமா?"

சாத்தப்பனுக்குக் கோபம் வந்தது. "தண்ணி இல்லாட்டியும் தொங்குது, இருந்தாலும் தொங்குது. ரெண்டுக்கும் ஒரே அடையாளம் காட்டினா மனுஷன் எப்படிப் புரிஞ்சுக்குவான்?"

"செடிமேலயே வழக்குப் போடுறீங்களா?"

"சரி, நான் என்னதான் செய்யணும்?"

"தினம் காலையில தூக்கிப் பாருங்க. கீழ வச்சிடுங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அதற்கு மூன்றாம் நாள் அவர் கையில் புண்ணாக்கு இருந்தது.

"கொஞ்சூண்டு அம்மை. சோர்ந்து கிடக்கிற பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டக் கூடாதா?"

"வாந்தி எடுத்துட்டுப் படுத்திருக்கிற பிள்ளைக்கா?"

அவர் கையை மூடிக்கொண்டார்.

"என் பொண்ணை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கீங்க. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா எனக்கு மனசு கேக்கல. பொம்மிக்கு இந்த ஒண்ணுதான் மிச்சம்."

"ஒண்ணுதான் மிச்சம். அதனாலதான் சொல்றேன். தாகம் செடிக்கு இல்ல, உங்களுக்கு."

இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை. ஆனால் விடிந்ததும் சட்டியைத் தூக்கினார், வைத்தார். ஐந்தாம் நாள் கனம் சற்றுக் குறைந்தது. ஒன்பதாம் நாள் சட்டி ஒரே கையில் எழும்பியது. மண்ணில் விரலை விட்டார். இரண்டு கணு ஆழம்வரை ஈரமில்லை. தொங்கிய இலைகள் எப்போது நிமிர்ந்தன என்று அவருக்கே தெரியவில்லை.

"இப்ப விடலாமா அம்மை?"

"உங்க கை என்ன சொல்லுது?"

சொம்பிலிருந்து மெல்ல விட்டார். அடியில் முதல் சொட்டு விழுந்து, சொட்டுகள் சேர்ந்து ஓடத் தொடங்கியதும் நிறுத்தினார். அடுத்த தண்ணீருக்கு நான்கு நாள் காத்திருந்தார். புதுத் தளிர் வந்த பிறகுதான் புண்ணாக்குக் கரைசல்; அதுவும் பழைய அளவில் கால்வாசி, தெளிந்த நீராக.

செடி பூத்தது. வெள்ளச்சி பூவை நெய்யில் காய்ச்சிச் சிறு சிமிழில் கொடுத்தாள். சாத்தப்பன் மலையிறங்கிப் போய், மறுநாள் மதியம் திரும்பினார்.

"பொம்மி தூங்கினா அம்மை. வெயில் ஏறுற வரைக்கும் தூங்கினா. மூச்சு வருதான்னு புருஷன் மூக்குகிட்ட விரலை வச்சு வச்சுப் பாத்துக்கிட்டிருந்தான். எழுந்ததும் கஞ்சி கேட்டா. உப்பு பத்தலன்னு அவனைத் திட்டினா."

வெள்ளச்சி சிரித்தாள். அடுத்த விதைப்புக்கு மண் சலித்துக்கொண்டிருந்தாள். சாத்தப்பன் எதிரே உட்கார்ந்து கட்டிகளை உடைத்துக் கொடுத்தார்.

"என் பொண்ணு பிழைச்சா. மூணு செடியை நான் கொன்னும் நீங்க என்னைத் துரத்தல. இன்னைக்குப் பொம்மி வாயால திட்டுக் கேட்டேன். இவ்வளவு நன்றியை நான் எப்படி அம்மை தீர்க்கிறது?"

"ஏன் தீர்க்கணும்?" என்றாள் வெள்ளச்சி. "இருந்துட்டுப் போகட்டுமே."