நொச்சியோடை வாயடைத்த கதை

ஓடைக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. ஆடு பேசும், நண்டு பேசும், மலை கூட எப்போதாவது முனகும். மண் மட்டும் அப்போதும் பேசாது. எதைக் கேட்டாலும் உம்மென்று கிடக்கும். வந்த வினையெல்லாம் அதனால்தான் வந்தது.

மலையடிவாரத்தில் நொச்சியோடை என்று ஒரு ஓடை. மழை பெய்தால்தான் அதில் தண்ணீர், மற்ற நாளெல்லாம் வெறும் மணல். அந்த மணலில்தான் சடைச்சியும் அவள் புருஷன் தவசியும் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். அவர்களுக்கு இருந்ததெல்லாம் அந்த வெள்ளாடுகள்தான். குட்டிகள் படுக்க மணல் வெதுவெதுப்பாக இருக்கும். வெள்ள பயமும் கிடையாது. மேட்டுப் பாறையில் ஒரு பொந்து உண்டு, அதுதான் ஓடையின் வாய். மலைமேல் மழை விழுந்ததுமே அங்கிருந்து குரல் வந்துவிடும்.

"ஏ சடைச்சி, வாறேன்டி. ஒதுங்கு."

"வா தாயி, வா" என்பாள் சடைச்சி, ஆடுகளைக் கரையேற்றிக்கொண்டே.

மழை இல்லாத நாளிலும் இரண்டு பேருக்கும் பேச்சு ஓயாது. எந்த ஆடு சினை, எந்த மரம் பூத்தது, தவசி ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான், எல்லாம் பேசுவார்கள். அப்படி ஒரு சிநேகிதம் இப்போது யாருக்கு வாய்க்கிறது, சொல்லுங்கள்?

ஒரு வருஷம் கோடை காய்ந்து தள்ளியது. அதன் முடிவில் இடியும் மின்னலுமாக ஒரு பெருமழை. பொந்திலிருந்து ஓடை கத்தியது. புருஷனும் பெண்டாட்டியும் சினையாடுகளை முள்ளுக்கும் பாறைக்கும் நடுவே அடித்துப் பிடித்து ஏற்றினார்கள். அந்த அவசரத்தில் செவலையாடு சறுக்கி விழுந்து கழுத்து முறிந்து செத்தது. தாயில்லாத குட்டியாக வந்து சடைச்சி கையில் பால் குடித்து வளர்ந்தது அது.

ஓடையில் ஒரு சொட்டு வரவில்லை.

"கிளம்பித்தான்டி வந்தேன். பாதி வழியில மண்ணு என்னைக் குடிச்சிருச்சு" என்றது ஓடை.

"வாயில்லாதது மேல பழியைப் போடாதே. என் செவலையைத் தின்ன பொய் இது."

அடுத்த மழைக்கும் ஓடை குரல் கொடுத்தது. அப்போதும் வரவில்லை. சடைச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரிவில் இருந்த செம்மண்ணை வெட்டி, தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள். ஒரு குடம் ஊற்றினாள், போன இடம் தெரியவில்லை. இன்னொரு குடம், அதையும் காணோம். "என்ன தாகம் இதுக்கு" என்று முணுமுணுத்தாளே தவிர, அவள் மண்டையில் ஏறவில்லை. பிசைந்ததைப் பாறைப் பொந்தில் திணித்து இறுக அடைத்தாள். தவசியிடம் சொல்லவில்லை.

அதன்பிறகு சாரல் பிடித்துக்கொண்டது. பெருமழை இல்லை, நசநசவென்று நாள் முழுக்க, அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். ஒருவழியாக வெயில் எட்டிப் பார்த்ததும் ஆடுகளை மறுபடி மணலுக்கு இறக்கினார்கள். அன்று மதியம் மலைமேல் ஒரு சின்னத் தூறல்.

"மேல ஏத்திரலாமா?" என்று எழுந்த தவசி, தானே பதிலும் சொல்லிக்கொண்டு படுத்தான். "வந்தா உன் சிநேகிதி சொல்லாமலா வருவா."

சடைச்சி மேட்டுப் பாறையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாம்பெரிய மழைக்கே வராதவள் இந்தத் தூறலுக்கா வரப்போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வந்தாள். கரைக்குக் கரை செந்தண்ணீராக வந்தாள். தவசி ஒரு மருதமர வேரைப் பிடித்துத் தொங்கினான். மடியில் கிடந்த இரண்டு குட்டிகளோடு சடைச்சி எப்படியோ கரையேறிவிட்டாள். மற்ற ஆடுகளெல்லாம் கண்ணெதிரே போயின.

தவசி ஈரத்தோடு உட்கார்ந்து அழுதான். "ஒரு வார்த்தை சொல்லலியே. அவளுக்கு என்ன ஆச்சு, சடைச்சி?"

சடைச்சி எழுந்தாள். மேட்டுப் பாறைக்கு ஓடி, அடைத்த மண்ணைக் கையால் தோண்டினாள். பிடி பிடியாக வந்தது. பக்கத்துச் சரிவு மண்ணிலும் ஒரு பிடி அள்ளி இறுக்கினாள், விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. குடம் குடமாகக் குடித்த அதே மண், இப்போது வயிறு முட்டிக் கிடந்தது. இனி ஒரு சொட்டு உள்ளே போகாது. பிறகு மழை ஓடையில் இறங்காமல் எங்கே போகும்?

"நீ பொய் சொல்லலடி. எனக்குத்தான் புரியல, பேசுடி" என்று பொந்தில் முகத்தை வைத்துக் கெஞ்சினாள். உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. எத்தனையோ நாள் போய் உட்கார்ந்து பார்த்தாள். குரல் திரும்பவே இல்லை.

தவசியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் வெகுநாள் அவளோடு பேசவில்லை. அந்த இரண்டு குட்டிகளும் வளர்ந்து மந்தையான பிறகு, கிடை இறக்கும் நாளில் ஒன்றே ஒன்று கேட்டான். "மண்ணு என்ன சொல்லுது?"

அன்றைக்குத் தொட்டதுதான் இந்தப் பழக்கம். அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் ஓடையில் இறங்குமுன் வானத்தை மட்டும் பார்ப்பதில்லை, கரை மண்ணை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பார்கள். உதிர்ந்தால் இறங்குவார்கள். நீர் கசிந்தால், வெறும் தூறலுக்கே மேடேறிவிடுவார்கள். ஏறும்போது, பதில் வராது என்று தெரிந்தும், ஓடையைப் பார்த்து "வா தாயி, வா" என்பார்கள்.