மூச்சைப் பிடுங்கின குட்டி

ஏய் அல்லி, காலை ஆட்டாம படு. அத்தை கதை சொல்றேன். "ம்" கொட்டிக்கிட்டே வரணும், கொட்டலைன்னா நான் பாட்டுக்கு எழுந்து போயிடுவேன்.

ஊருன்னு ஒண்ணே இல்லாத காலத்துல, ஒரு காட்டுல, மூஞ்சூறு மாதிரி ஒரு அம்மா இருந்தா. பேரு சொப்பி. அவ முட்டைதான் போடுவா. போட்டுட்டு இரை தேடப் போனாளோ இல்லையோ, சர்ருனு ஒரு பெரிய பல்லிப் பய வந்து மடக் மடக்குன்னு முழுங்கிடுவான். திரும்பி வந்து பார்த்தா வெறும் ஓடு. வயிறு எரியாதா பின்னே?

— ம்.

"இனிமே வெளியில போட மாட்டேன், வயித்துக்குள்ளயே வச்சுக்கறேன்"னா சொப்பி. ஆனா ஓட்டோட வச்சுக்கிட்டா பாரு, அங்கதான் தப்பு பண்ணிட்டா. வெளியில கிடந்தா ஓட்டுல இருக்கற பொடிப் பொடி ஓட்டை வழியா காத்து போகும். வயித்துக்குள்ள ஏது காத்து? குட்டிங்க திணறித் திணறி அடங்கிப் போச்சுங்க. தப்பிப் பொழைச்சது ஒரே ஒரு பொண்ணு.

அப்புறம் அந்தப் பொண்ணோட பேத்தி, பேத்திக்குப் பேத்தின்னு லட்சம் லட்சமா வருஷம் ஓடிச்சு. ஓடு தேஞ்சு தேஞ்சு காணாமயே போச்சு. அப்போ ஒருத்தி வயித்துல, குட்டியோட ரத்தம் நேரா அம்மா ரத்தத்துக்குள்ள புகுந்துச்சு. விடுவாங்களா? அம்மா ரத்தத்துல காவக்காரங்க இருக்காங்கல்ல, "யாருடா நீ வெளியாளு"ன்னு தொம் தொம்முன்னு சாத்திட்டாங்க. அந்தக் குட்டியும் போச்சு.

அப்புறம் இன்னொருத்தி வயித்துல நடுவுல ஒரு சுவர் வந்துச்சு. வெங்காயத் தோலை விட மெல்லிசு. இந்தப் பக்கம் அம்மா ரத்தம், அந்தப் பக்கம் குட்டி ரத்தம், கலக்கவே கலக்காது. பக்கத்து வீட்டுக்காரங்க காம்பவுண்டு சுவர் மேலயே குழம்புக் கிண்ணம் குடுப்பாங்கல்ல, அப்படி அம்மா ரத்தம் சுமந்துட்டு வர்ற மூச்சுக்காத்தைக் குடுக்கலாம்.

— குடுத்தாங்களா?

எங்க குடுத்தாங்க. அம்மா ரத்தம் சரியான கருமி. "எனக்கே பத்தல"ன்னு மூச்சை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. குட்டிங்க சவலையா பொறந்துச்சு, பாதி நிலைக்கல.

அப்போதான் வந்துச்சு ஒரு குட்டி, அட அட அட! அதோட ரத்தத்துக்கு உடும்புப்பிடி. சுவர் ஓரமா நின்னு வெடுக்குனு பிடுங்கிச்சு பாரு. அம்மா ரத்தம் பிடிச்ச பிடியை விட இது ஒரு பிடி கூட. வெடுக், வெடுக், வெடுக். நெஞ்சு லப் டப் லப் டப்புன்னு அடிக்க, நாள் நிறைஞ்சு, கொழுகொழுன்னு வெளியில விழுந்து "கீச்"சுன்னு கத்திச்சு. சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்குது.

— மூச்சை எல்லாம் அது பிடுங்கிட்டா, பாவம் அதோட அம்மா?

அப்படிக் கேளு. அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்து மூச்சு இழுக்கப் பழகிட்டா. நீ வயித்துல இருந்தப்போ உங்கம்மா நாலு படி ஏறினா புஸ்ஸு புஸ்ஸுன்னு நிப்பாங்க. "உக்காருங்க அண்ணி"ன்னா உக்கார மாட்டாங்க. வயித்தைத் தடவிக்கிட்டு, "இழுத்துக்கோ தங்கம், இன்னும் இழுத்துக்கோ"ன்னு சிரிப்பாங்க.

கதை கரை சேர்ந்துது, நீ தலகாணி சேரு.