துரை அழுத பாறை

“நம் மலையை என்னால் பார்க்க முடியவில்லை அம்மா” என்றார் ஞானசிகாமணி.

ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். தன் குரு மங்கையர்க்கரசியைவிடப் பத்து வயது மூத்தவர்.

“கண்ணில் கோளாறா?”

“இல்லை. இங்கே முதன்முதலில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். அதை மொழிபெயர்க்கிறேன். ‘பெயரே இல்லாத மலை. மனிதக் குரல் கேட்டறியாத காடு. முதலில் கால் வைத்தவன் நான்’ என்று தொடங்குகிறது. பொய்யென்று தெரியும். ஆனாலும் ஜன்னலைத் திறந்தால் அவர் எழுதிய மலைதான் தெரிகிறது.”

குரு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாருங்கள்.”

அடிவாரத்தில் ரங்கி விறகு கட்டிக்கொண்டிருந்தாள். காட்டுக்குள் இருக்கும் ஊர்க்காரி.

“ரங்கி, உச்சிக்கு எப்படிப் போகணும்? சாருக்குச் சொல்லு.”

ரங்கி கையைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள்.

“அது தூங்குபாறை. தாண்டினா அக்கா தங்கச்சி ஓடை. அப்புறம் கரடிச் சறுக்கு. அதுக்கு மேல மாதி பிள்ளை பெத்த குகை. மாதி எங்க பாட்டிக்குப் பாட்டி.”

வெறும் பச்சையாகக் கிடந்த சரிவில் ஒவ்வோர் இடமாக எழுந்து வந்தது. ஞானசிகாமணி அவள் விரலைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“அதோ, துரை அழுத பாறை.”

“எந்தத் துரை?”

“காப்பித் தோட்டம் போட்டவருதான். மூடுபனியில வழி தெரியாம மூணு நாள் அங்க உட்கார்ந்து அழுதாராம். எங்க ஊரு நஞ்சிங்கிறவதான் தேன் குடுத்து, கையைப் பிடிச்சுக் கீழ இறக்கிவிட்டா.”

பேராசிரியருக்குக் குரல் இறங்கியது.

“அந்த மூடுபனி நாவலில் இருக்கிறது. தன்னந்தனியாக வழி கண்டுபிடித்தேன் என்று எழுதியிருக்கிறார்.”

“அப்படியா?” ரங்கிக்குக் கோபம் வரவில்லை. “பாவம், ரொம்பப் பயந்திருப்பாரு.”

“அவர் பெயர் தெரியுமா உனக்கு?”

“துரைதான். பேரு யாருக்குத் தெரியும்?”

விரல் மறுபடி மேலேறியது. ஒரு மரத்துக்கு ஒரு பெயர். ஒரு வளைவுக்கு ஒரு கல்யாணம். செத்தவர்கள், பிறந்தவர்கள், புலியோடு பேசினவள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

“அறுபது வருஷமாக இதன் கீழேதான் குடியிருக்கிறேன்” என்றார் ஞானசிகாமணி.

குரு எப்போதோ தரையில் உட்கார்ந்திருந்தார்.

“உச்சி வந்துவிட்டதா அம்மா?” என்று ரங்கியிடம் கேட்டார் பேராசிரியர்.

“பாதிகூட வரலையே சார். உட்காருங்க.”